ஹார்டுவேர் தயாராகும் வரை: சுழல்வதா, உறங்குவதா?

டிஎஸ்18பி20 என்ற வெப்பமானிச் சில்லைப் பலகையில் இணைத்து, சொந்தமாக டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதிப் பழகுபவர்களில் பலர் முதல் நாளில் பார்க்கும் எண் 85 டிகிரி செல்சியஸ். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் சில்லு குளிர்ந்தே இருக்கும். திரையில் மட்டும் 85. சில்லில் கோளாறு எதுவும் இல்லை. மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் தொடக்க மதிப்பு அது. வெப்பநிலையை அளக்கச் சொல்லிவிட்டு, அது அளந்து முடிக்கும் முன்பே டிரைவர் போய்ப் படித்துவிட்டது. 12 பிட் துல்லியத்தில் அளக்க அந்தச் சில்லுக்கு 750 மில்லி நொடி வரை தேவை.

ஆகவே காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் இரண்டு வழிகள் உண்டு. செயலி அதே இடத்தில் நின்று, முடிந்ததா முடிந்ததா என்று சாதனத்தின் ரெஜிஸ்டரைத் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) திரும்பத் திரும்பப் படிப்பது ஒன்று. இதைச் சுழல்வது என்று சொல்கிறேன். இத்தனை நேரம் கழித்து எழுப்பு என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்லிவிட்டுச் செயலியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது இன்னொன்று. இது உறங்குவது. பால் பொங்கி வரும் கடைசி அரை நிமிடத்தில் யாரும் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை; பருப்பு வேகும் அரை மணி நேரமும் யாரும் அடுப்படியிலேயே நிற்பதில்லை. சமையலறையில் யோசிக்காமலே சரியாகச் செய்யும் இந்தக் காரியத்தை டிரைவரிலும் சரியாகச் செய்ய, எண்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியை லினக்ஸ் கெர்னலை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மூன்று எண்கள்

எந்த ஃபங்ஷனை அழைப்பது என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சில்லின் டேட்டா ஷீட்டைத் (தயாரிப்பாளர் தரும் விவர ஏடு) திறந்து, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். இந்த வேலைக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறது? மிக அதிகமாக எவ்வளவு ஆகலாம்? முடிந்ததா என்று ஒரு முறை கேட்பதற்கே எவ்வளவு ஆகிறது?

முதல் இரண்டும் டேட்டா ஷீட்டின் நேரப் பட்டியலில் பெரும்பாலும் கிடைத்துவிடும். மூன்றாவதைத்தான் புதியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நினைவக முகவரியாகத் தெரியும் ரெஜிஸ்டர் என்றால் ஒரு வாசிப்பு மிக விரைவாக முடியும்; பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போனால் சுமார் ஒரு மைக்ரோ நொடி பிடிக்கலாம். சில்லுகளை இரண்டு கம்பிகளால் இணைக்கும் ஐ2சி பஸ்ஸில் நிலைமையே வேறு. 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பைட்டும் அதற்கான ஒப்புதல் பிட்டும் சேர்ந்து கம்பியில் போகவே 90 மைக்ரோ நொடி ஆகிறது. அப்படிப்பட்ட இரண்டு கேள்விகளுக்கு நடுவே 5 மைக்ரோ நொடி சுழல்வதால் எந்தப் பயனும் இல்லை. அதோடு, ஐ2சி பரிமாற்றம் நடக்கும்போது கெர்னல் வழக்கமாக உறங்கியே காத்திருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியை எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது.

எண்கள் எப்படிப் பேசுகின்றன என்பதற்கு ஓர் உதாரணம். சீரியல் போர்ட் நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க பிட், எட்டு தரவு பிட், முடிவு பிட் என ஓர் எழுத்துக்குப் பத்து பிட். ஆக, ஓர் எழுத்து வெளியேற ஏறக்குறைய 87 மைக்ரோ நொடி. 16550 வகைச் சில்லின் 16 எழுத்து வரிசை முழுவதும் காலியாக ஏறக்குறைய 1.4 மில்லி நொடி. அதே போர்ட் 9600 வேகத்தில் ஓடினால் ஓர் எழுத்துக்கே ஒரு மில்லி நொடிக்கு மேல், வரிசைக்கு 16 மில்லி நொடிக்கு மேல். சில்லு அதே சில்லு, நிரலும் அதே நிரல். வேகம் மாறியதும் சரியான விடை மாறிவிட்டது. சுழலலாம், உறங்கலாம் என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை மைக்ரோ நொடி என்று கேளுங்கள்.

உங்கள் நிரல் நிற்கும் இடம்

இரண்டாவது படிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். காத்திருக்கப்போகும் அந்த வரி எந்தச் சூழலில் ஓடுகிறது? அங்கே உறங்க அனுமதி உண்டா?

இன்டரப்ட் (என்னைக் கவனி என்று சாதனம் செயலிக்கு அனுப்பும் குறிப்பு) வந்தவுடன் ஓடும் ஹேண்ட்லருக்குள் உறங்கக் கூடாது. ஸ்பின்லாக்கைப் (கிடைக்கும் வரை சுழன்றே காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாது. டைமர் அழைப்பு, டாஸ்க்லெட், ப்ரீயெம்ப்ஷனை (ஓடும் பணியைப் பாதியில் மாற்றுவதை) நிறுத்திவைத்த பகுதி ஆகியவற்றிலும் கூடாது. சாதனத்தை முதன்முதலில் தொடங்கும் ப்ரோப், வொர்க்கியூ, கெர்னல் த்ரெட், த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர், பயனர் நிரலின் ரீட், ரைட், ஐஆக்டில் அழைப்புகள் ஆகியவற்றில் தாராளமாக உறங்கலாம். மியூடெக்ஸைப் (உறங்கிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்தபடியும் உறங்கலாம்.

தடை ஏன் என்று புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பின்லாக்கைப் பிடித்தவர் உறங்கிவிட்டால், அதே பூட்டுக்காக இன்னொரு கோரில் (செயலிக்குள் தனியாக ஓடும் அலகு) நிற்பவர் சுழன்றுகொண்டே இருப்பார். உறங்கியவரின் கோரில் அடுத்து ஓட வருபவருக்கும் அதே பூட்டு தேவைப்பட்டால், அவரும் சுழலத் தொடங்குவார். பூட்டைத் திறக்க வேண்டியவர் எழுந்து ஓடுவதற்குக் கோரே கிடைக்காமல் போகலாம். எந்திரம் அப்படியே நின்றுவிடும்.

இதில் என்னை வருத்தும் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பின்லாக்குக்குள் 5 மில்லி நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. உறங்கினால் கெர்னல் திட்டுகிறது. உடனே உறங்கும் ஃபங்ஷனை எடுத்துவிட்டு எம்டிலே என்ற சுழலும் ஃபங்ஷனைப் போட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த 5 மில்லி நொடியும் ஒரு கோர் முடங்கிக் கிடக்கும். இன்டரப்டுகளையும் நிறுத்தும் வகைப் பூட்டு என்றால் அந்தக் கோரில் இன்டரப்ட்கூட நுழையாது. ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியில் அது 50 லட்சம் சுழற்சிகள். ஒரே கோர் உள்ள சிறிய பலகையில் ஒலி விட்டு விட்டுக் கேட்கும், நெட்வொர்க் பாக்கெட்டுகள் தவறும். பழியோ ஒலி டிரைவர் மேலும் நெட்வொர்க் டிரைவர் மேலும் விழும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஃபங்ஷனை மாற்றாதீர்கள், அமைப்பை மாற்றுங்கள். பூட்டுக்குள் இருந்து கட்டளையை மட்டும் கொடுங்கள், பூட்டை விடுங்கள், உறங்குங்கள், எழுந்ததும் மீண்டும் பூட்டி முடிவைப் படியுங்கள். இடைவெளியில் வேறொருவர் நுழைந்து இன்னொரு கட்டளை கொடுத்துவிடக் கூடாது என்றால், வெளியே ஒரு மியூடெக்ஸ் போடுங்கள். வேலை இன்டரப்ட் ஹேண்ட்லரில் தொடங்குகிறது என்றால், நீண்ட பகுதியை த்ரெட் ஹேண்ட்லருக்குத் தள்ளுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். அந்த மாலையைச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

எவ்வளவு நேரத்துக்கு எது

உறங்குவதற்கும் விலை உண்டு. டைமரை வைக்க வேண்டும், வேறு பணிக்கு மாற வேண்டும், டைமர் இன்டரப்ட் வர வேண்டும், மீண்டும் நம் பணிக்குத் திரும்ப வேண்டும். இதற்கே சில மைக்ரோ நொடிகள் போய்விடும். மூன்று மைக்ரோ நொடி காத்திருப்பதற்காக இத்தனையும் செய்வது வீண். அதனால்தான் 10 மைக்ரோ நொடி என்ற எல்லையைக் கெர்னல் வட்டாரத்தில் நடைமுறைக் கணக்காக வைத்திருக்கிறார்கள்.

10 மைக்ரோ நொடிக்குள் என்றால் யூடிலே, அது சுழலும். 10 மைக்ரோ நொடியிலிருந்து 20 மில்லி நொடி வரை யூஸ்லீப்_ரேஞ்ச். அதற்கு மேல் எம்ஸ்லீப். உறங்க அனுமதி உள்ள இடத்தில் இந்தத் தேர்வைக் கெர்னலிடமே விட்டுவிடலாம். நேரத்தைப் பார்த்துத் தானே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும் எஃப்ஸ்லீப் என்ற ஃபங்ஷன் 2020இல் சேர்ந்தது. புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

எம்ஸ்லீப்பைக் குறுகிய நேரத்துக்குப் பயன்படுத்தினால் ஒரு சிக்கல் வரும். அது கெர்னலின் ஜிஃபி என்ற துடிப்பை வைத்து எண்ணுகிறது. நொடிக்கு 100 துடிப்பு என்று அமைத்த கெர்னலில் ஒரு துடிப்பு 10 மில்லி நொடி. எம்ஸ்லீப்பிடம் 1 என்று சொன்னாலும் 20 மில்லி நொடி வரை போகக்கூடும்.

ஏடி24சி32 என்ற ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் நினைவகம்) சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4096 பைட்டு, பக்கத்துக்கு 32 பைட்டு. ஆக 128 பக்கங்கள். ஒரு பக்கத்தை எழுதி முடிக்க 5 மில்லி நொடி என்று வைத்தால் மொத்தக் காத்திருப்பு 0.64 நொடி. அதையே 100 துடிப்புக் கெர்னலில் எம்ஸ்லீப் 5 என்று போட்டால், பக்கத்துக்கு 20 மில்லி நொடி வரை ஆகி, மொத்தம் இரண்டரை நொடியைத் தாண்டலாம். எம்டிலே போட்டால் நேரம் சரியாக 0.64 நொடிதான், ஆனால் ஒரு கிகாஹெர்ட்ஸ் கோர் 64 கோடி சுழற்சிகளைச் சும்மா சுற்றித் தீர்த்திருக்கும். யூஸ்லீப்_ரேஞ்ச் இரண்டு தொல்லையும் இல்லாமல் முடிக்கிறது.

அந்த ஃபங்ஷன் இரண்டு எண்களைக் கேட்கும்: குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு. இரண்டிலும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். இடைவெளி கொடுத்தால், அருகில் வேறொரு டைமர் எழும் நேரத்தோடு உங்களுடையதையும் சேர்த்து ஒரே விழிப்பில் கெர்னல் முடித்துவிடும். பேட்டரியில் ஓடும் சாதனத்தில் ஒவ்வொரு விழிப்பும் கணக்கில் வரும்.

யூடிலே பற்றியும் இரண்டு செய்திகள். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே அது திரும்பிவிடலாம்; ஆகவே டேட்டா ஷீட்டின் குறைந்தபட்ச எண்ணை அப்படியே கொடுக்காமல் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் வரம்பும் உண்டு. ஏஆர்எம் 32 பிட் கெர்னலில் ஏறக்குறைய 2 மில்லி நொடிக்கு மேல் ஒரு மாறிலியைக் கொடுத்தால், நிரலை இணைக்கும் கட்டத்திலேயே பிழை வரும். அந்தப் பிழையைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். இவ்வளவு நேரம் சுழலாதே என்றுதான் அது சொல்கிறது.

கேட்டுக்கொண்டே காத்திருக்கும் வளையம்

ஒரே மூச்சில் அதிகபட்ச நேரம் முழுவதும் உறங்குவது எளிது. ஆனால் வழக்கமாக 2 மில்லி நொடியில் முடியும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் 5 மில்லி நொடி தூங்குவது வீண். சிறிது உறங்கி எழுந்து, கேட்டு, முடியாவிட்டால் மீண்டும் உறங்கும் வளையம் வேண்டும்.

புதியவர்கள் அதைக் கையால் எழுதும்போது வரும் பிழை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வளையம் இப்படி ஓடுகிறது: ரெஜிஸ்டரைப் படி, தயார் என்றால் வெளியேறு, கெடு தாண்டிவிட்டதா என்று பார், தாண்டியிருந்தால் தோல்வி என்று திரும்பு, இல்லாவிட்டால் சிறிது உறங்கி மேலே போ. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ரெஜிஸ்டரைப் படித்த கணத்தில் சாதனம் தயாராக இல்லை. அடுத்த வரிக்குப் போகும் முன் கெர்னல் நம் பணியை நிறுத்தி வேறொன்றை ஓடவிட்டது. 50 மில்லி நொடி கழித்து நாம் திரும்புகிறோம். அதற்குள் சாதனம் எப்போதோ தயாராகிவிட்டது; கெடுவும் தாண்டிவிட்டது. நம் நிரலோ ரெஜிஸ்டரை மீண்டும் பார்க்காமலே தோல்வி என்று அறிவிக்கிறது. சோதனை மேசையில் இது வராது. சுமை ஏறிய எந்திரத்தில் மாதம் ஒரு முறை வரும். கெடு தாண்டியது தெரிந்த பிறகு கடைசியாக ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டே முடிவு சொல்ல வேண்டும்.

கெர்னலில் உள்ள ரீட்எல்_போல்_டைம்அவுட் இதைச் சரியாகச் செய்கிறது. முகவரி, படித்த மதிப்பை வைக்க ஒரு மாறி, நிறைவேற வேண்டிய நிபந்தனை, இடையில் உறங்க வேண்டிய நேரம், மொத்தக் கெடு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். நிபந்தனை நிறைவேறினால் பூஜ்யம். கெடு முடிந்தால் டைம்அவுட் பிழை. உறங்கக் கூடாத இடத்துக்கு இதே பெயரின் இறுதியில் அடாமிக் என்று சேர்த்த வடிவம் சுழன்று காத்திருக்கும். ரெஜிஸ்டர்களை அணுகக் கெர்னல் தரும் பொது வசதியான ரெக்மேப் வழியாகப் படிப்பவர்களுக்கும் தனி வடிவம் உண்டு. கையால் வளையம் எழுதத் தோன்றும்போதெல்லாம் முதலில் இவற்றில் ஒன்று பொருந்துமா என்று பாருங்கள்.

என்ன எண்களைக் கொடுப்பது? ஏடி24 குடும்பத்துக்கான கெர்னல் டிரைவர் நல்ல பாடம். எழுதிக்கொண்டிருக்கும் சில்லு ஐ2சி அழைப்புக்கு ஒப்புதல் தராது. டிரைவர் ஒரு மில்லி நொடியிலிருந்து ஒன்றரை மில்லி நொடி வரை உறங்கி மறுபடி முயல்கிறது. கெடு 25 மில்லி நொடி. பக்கத்துக்கு 5 மில்லி நொடி கேட்கும் சில்லுக்கு அது ஐந்து மடங்கு. நானும் இதே விகிதத்தைப் பின்பற்றுகிறேன்: உறக்கம், வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்குக் கீழ், கெடு, அதிகபட்ச நேரத்தைப் போல் சில மடங்கு. கெடு தாராளமாக இருப்பதால் நல்ல சாதனத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

ஆனால் கெடு கட்டாயம் இருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனம் இணைப்பிலிருந்து விழுந்துவிட்டால், அதன் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது வழக்கமாக எல்லா பிட்டுகளும் ஒன்றாகவே வரும். வேலையாக இருக்கிறேன் என்னும் பிட் பூஜ்யமாகட்டும் என்று கெடு இல்லாமல் சுழலும் வளையம் அங்கே முடிவதே இல்லை. சுமார் 20 நொடி கழித்து, சாஃப்ட் லாக்கப் என்று கெர்னலின் காவல் டைமர் கத்தும்போதுதான் தெரியவரும். தயார் பிட் ஒன்றாகட்டும் என்று காத்திருப்பவருக்கோ, இல்லாத சாதனம் உடனே தயாராகிவிட்டதாகத் தோன்றும். படித்த மதிப்பு முழுவதும் ஒன்றுகளா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: ரெஜிஸ்டரில் எழுதிய கட்டளை வழியில் ஒரு பாலத்தில் தேங்கி நிற்கலாம். ரீசெட் கட்டளையை எழுதிவிட்டு யூடிலே 10 என்று போட்டால், அந்தப் பத்தில் சில மைக்ரோ நொடிகள் கட்டளை போய்ச் சேர்வதற்கே போயிருக்கும். எழுதிய பின் அதே சாதனத்தில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். அந்த வாசிப்பு திரும்பும்போது கட்டளை சேர்ந்துவிட்டது என்று பொருள். நேரத்தை அங்கிருந்து எண்ணுங்கள்.

சாதனத்துக்கு இன்டரப்ட் கம்பி இருந்து, காத்திருப்பு மில்லி நொடிக் கணக்கில் போகிறது என்றால், இந்த வளையமே வேண்டாம். குக்கர் விசில் அடிக்கும்போது எழுந்து போனால் போதும். கெர்னலின் கம்ப்ளீஷன் வசதியில் கெடுவோடு உறங்குங்கள். இன்டரப்ட் ஹேண்ட்லர் எழுப்பிவிடும்.

சுழல்வதே சரியாகும் இடம்

உறங்குவதே உயர்ந்தது என்ற எண்ணத்தோடு யாரும் போய்விடக் கூடாது. சீரியல் கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் நொறுங்கி விழும் கணத்தில் கடைசிச் செய்தியை அதுதான் வெளியே தர வேண்டும். பணிகளை மாற்றும் பொறியே அப்போது நம்பத்தக்கதாக இல்லை. அதனால் 8250 வகை டிரைவர் கன்சோலில் எழுதும்போது, ஒரு மைக்ரோ நொடி யூடிலே வைத்து, அனுப்பும் இடம் காலியா என்று நிலை ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதிகம் போனால் 10 மில்லி நொடி வரை. சாதாரண நேரத்தில் இதே போர்ட்டில் தரவு அனுப்பும் பாதை இன்டரப்ட் வழியாக ஓடுகிறது. ஒரே சில்லுக்கு இரண்டு பாதைகள், இரண்டு விடைகள்.

பிறகு சோதனை

டீபக்_அடாமிக்_ஸ்லீப் என்ற அமைப்பை இயக்கிய கெர்னலில் உங்கள் டிரைவரை ஓட்டுங்கள். தவறான இடத்திலிருந்து உறங்கும் ஃபங்ஷனை அழைத்தால், அந்த முறை உண்மையில் உறங்க வேண்டி வராவிட்டாலும், எந்த வரி என்று அது காட்டிக்கொடுக்கும். செக்பேட்ச் கருவியையும் ஓட்டுங்கள். 20 மில்லி நொடிக்குக் குறைந்த எம்ஸ்லீப், நீண்ட யூடிலே, இரண்டு எண்ணும் ஒன்றாக உள்ள யூஸ்லீப்_ரேஞ்ச் ஆகியவற்றைப் பற்றி அது எச்சரிக்கும். அடுத்து கெர்னலின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸ் கொண்டு, காத்திருப்பு உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று அளந்து, முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். எந்திரத்துக்குச் சுமை ஏற்றியும் ஒரு முறை அளக்க வேண்டும்.

இனி வெப்பமானிக்குத் திரும்புவோம். அதன் ஒற்றைக் கம்பி நெறிமுறையில் ஒரு பிட்டைப் படிக்க, கம்பியைத் தாழ்த்தியதிலிருந்து 15 மைக்ரோ நொடிக்குள் மதிப்பைப் பார்த்துவிட வேண்டும். லினக்ஸில் அதற்கான நிரல் இன்டரப்டுகளை நிறுத்தி, கம்பியை 6 மைக்ரோ நொடி தாழ்த்தி, விட்டு, 9 மைக்ரோ நொடி கழித்துப் படிக்கிறது. படித்தவுடன் இன்டரப்டுகளைத் திறந்துவிட்டு, பிட்டின் மிச்ச நேரமான 55 மைக்ரோ நொடியையும் சுழன்றே கழிக்கிறது. துல்லியம் தேவைப்படும் துண்டுக்கு மட்டும் கதவை மூடி, தேவையற்ற துண்டுக்குத் திறந்துவிடும் அந்தப் பிரிப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எழுதியவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. முடிவாக வரும் 9 பைட்டுக்கு 72 பிட்டுகள். ஒன்றுக்கு 70 மைக்ரோ நொடி என்றால் ஏறக்குறைய 5 மில்லி நொடி சுழற்சி. அதில் இன்டரப்டுகள் ஒரு தடவைக்கு 15 மைக்ரோ நொடிதான் நிற்கின்றன.

அளக்கும் 750 மில்லி நொடிக்கு வேறு கணக்கு. சில்லுக்குத் தனி மின்கம்பி இருந்தால், அளந்துகொண்டிருக்கும்போது வாசிப்புக்குப் பூஜ்யமும், முடிந்ததும் ஒன்றும் தரும். ஆகவே பஸ்ஸுக்கான மியூடெக்ஸைப் பிடித்தபடி முதலில் 500 மில்லி நொடி எம்ஸ்லீப்பில் உறங்கி, பிறகு 20 மில்லி நொடிக்கு ஒரு முறை எழுந்து கேட்கலாம். கெடு ஒரு நொடி. தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரமும் எடுக்கும்படி இணைத்திருந்தால் இடையில் கேட்கவே கூடாது. கேட்பதற்காகக் கம்பியைத் தாழ்த்தினாலே சில்லுக்கு மின்சாரம் அறுந்துவிடும். அங்கே 750 மில்லி நொடியும் முழுதாக உறங்குங்கள். பிறகு படித்து, இறுதி பைட்டில் உள்ள, தரவில் பிழை நேர்ந்ததா என்று காட்டும் சிஆர்சியைச் சரிபார்த்து, திரையில் போடுங்கள். இப்போது 85 வராது, 31.0625 என்பது போல், அந்த அறையில் நம்பக்கூடிய ஓர் எண் வரும்.